“50 சதவீதம் மரபு” என்றால் என்ன? இயல்பு, வளர்ப்பு பற்றி உளவியல் சொல்வதும் சொல்லாததும்

நுண்ணறிவில் பாதி மரபுவழி வருகிறது என்று ஒரு செய்தி வருகிறது. அடுத்த வாரமே, முதல் மூன்று ஆண்டு வளர்ப்புதான் குழந்தையின் மூளையைத் தீர்மானிக்கிறது என்று இன்னொரு செய்தி. இரண்டுக்கும் பின்னால் ஆய்வு இருக்கிறது. இதில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று படிப்பவருக்குத் தோன்றுவது இயற்கை. பெரும்பாலும் இரண்டுமே பொய்யில்லை. அவை வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். தலைப்பு போடும்போது கேள்வி கழன்று விழுந்துவிடுகிறது, பதில் மட்டும் நிற்கிறது.

“இயல்பா, வளர்ப்பா?” என்ற ஒரே கேள்விக்குள் குறைந்தது மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

1. ஒரு பண்பு ஒருவரிடம் எப்படி உருவாகிறது?
2. அந்தப் பண்பு ஆளுக்கு ஆள் ஏன் வேறுபடுகிறது?
3. அதை மாற்ற முடியுமா, முடியுமென்றால் எதைக் கொண்டு?

கை விரல்களை எடுத்துக்கொள்வோம். ஐந்து விரல் உருவாவது மரபணுக்களின் வேலை; இது முதல் கேள்வியின் பதில். ஆனால் ஓர் ஊரில் சிலருக்கு மட்டும் விரல் குறைவாக இருந்தால், காரணம் பெரும்பாலும் விபத்து, அதாவது சூழல். இது இரண்டாம் கேள்வியின் பதில். அறுந்த விரலை ஒட்ட முடியுமா என்பது அறுவைச் சிகிச்சையைப் பொறுத்தது. ஒரே விரல், மூன்று கேள்வி, மூன்று பதில். உளவியலின் பெரிய சிந்தனைப் பள்ளிகள் நூறாண்டுக்கு மேலாகச் சண்டையிட்டதில் பெரும்பகுதி, ஒருவர் முதல் கேள்விக்குச் சொன்ன பதிலை மற்றவர் இரண்டாவதற்கோ மூன்றாவதற்கோ சொன்னதாக எடுத்துக்கொண்டதால் வந்தது.

சொற்களை முதலில் நேராக்கிக்கொள்வோம்

இயல்பு என்று இங்கே சொல்வது கருத்தரிக்கும்போது தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் கிடைக்கும் மரபணுத் தொகுதியை. “பிறவியிலேயே வந்தது” என்பதும் “மரபணுவில் வந்தது” என்பதும் ஒன்றல்ல. பிறக்கும் குழந்தை ஏற்கெனவே ஒன்பது மாதம் ஒரு சூழலில் வாழ்ந்துவிட்டது. தாயின் ஊட்டம், நோய்த்தொற்று, மது, மருந்து எல்லாம் அந்தச் சூழலில் சேரும்.

வளர்ப்பு என்ற சொல்லும் ஏமாற்றக்கூடியது. கேட்டவுடன் பெற்றோர்தான் நினைவுக்கு வருவார்கள். ஆய்வாளர் கணக்கிலோ மரபணு வரிசை அல்லாத எல்லாமே சூழல்தான்: பள்ளி, நண்பர்கள், காய்ச்சல், தலையில் பட்ட அடி, மூளை வளரும்போது நேரும் தற்செயல்கள், சோதனை நாளில் இருந்த தூக்கக் கலக்கம்கூட.

இந்த இரு சொற்களையும் எதிரெதிர் ஜோடியாகப் பரப்பியவர் பிரான்சிஸ் கால்ட்டன். சார்லஸ் டார்வினின் உறவினரான இவர், 1874இல் விஞ்ஞானிகளைப் பற்றிய ஆய்வில் இந்த ஜோடியை முன்வைத்தார். இரட்டையரை ஒப்பிட்டு மரபின் பங்கை அறியலாம் என்ற யோசனையும் அவருடையதே. “தகுதி உள்ளவர்கள்” மட்டும் பெருக வேண்டும் என்ற யூஜெனிக்ஸ் கொள்கைக்கு 1883இல் பெயர் வைத்தவரும் அவர்தான். அந்தக் கொள்கை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது தெரியும்: 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், “மனவளர்ச்சி குன்றியவர்கள்” என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதை அனுமதித்தது. இந்த விவாதத்தை மெத்தப் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

நடத்தையியல்: கற்றலே எல்லாம் என்ற பள்ளி

கால்ட்டன் ஒரு கோடி என்றால் ஜான் பி. வாட்சன் மறுகோடி. நல்ல உடல்நலமுள்ள ஒரு டஜன் குழந்தைகளையும் தான் விரும்பும் சூழலையும் கொடுத்தால், எந்தக் குழந்தையையும் மருத்துவராகவோ வக்கீலாகவோ திருடனாகவோ ஆக்கிக்காட்டுவேன் என்று அவர் 1920களில் எழுதினார். கைவசமுள்ள சான்றைத் தாண்டித்தான் பேசுகிறேன் என்றும் அதே இடத்தில் ஒப்புக்கொண்டார். மேற்கோள் காட்டுபவர்கள் அந்த வரியை விட்டுவிடுகிறார்கள். அவருக்குப் பின் வந்த பி. எஃப். ஸ்கின்னர், வெகுமதி கிடைக்கும் நடத்தை வலுப்படும், கிடைக்காதது மங்கும் என்பதைத் துல்லியமாக அளந்து காட்டினார். இன்றும் வகுப்பறையிலும் மறுவாழ்வு மையத்திலும் பயன்படும் முறை அது. மூன்றாம் கேள்விக்கு, அதாவது மாற்றுவது எப்படி என்பதற்கு, நடத்தையியல் கொடுத்த பதில் வலுவானது.

எதையும் எதனோடும் இணைத்துக் கற்பிக்கலாம் என்ற அதன் அடிப்படைதான் நிற்கவில்லை. அதைச் சாய்த்தவை எலியும் குரங்கும்.

1966இல் ஜான் கார்சியாவும் ராபர்ட் கெல்லிங்கும் எலிகளுக்குச் சுவையூட்டிய நீர் கொடுத்தார்கள். எலி நக்கும்போதெல்லாம் விளக்கு மின்னும், ‘டிக்’ சத்தமும் வரும். ஆக, ஒரே வாய் நீரில் சுவை, ஒளி, ஒலி மூன்றும் இருந்தன. பின் ஒரு பகுதி எலிகளுக்குக் குமட்டல் வரச் செய்தார்கள். வேறு சிலவற்றுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். குமட்டல் கண்ட எலிகள் அந்தச் சுவையைத் தவிர்த்தன, ஒளியையும் ஒலியையும் பொருட்படுத்தவில்லை. அதிர்ச்சி வாங்கியவை நேர்மாறாக ஒளியையும் ஒலியையும் தவிர்த்தன, சுவையைக் கண்டுகொள்ளவில்லை. வயிற்றுக் கோளாறை வாயோடும், தோலில் பட்ட வலியை வெளியே கண்டதோடும் கேட்டதோடும் இணைக்கும்படி எலியின் மூளை முன்கூட்டியே அமைந்திருக்கிறது.

குரங்குச் சோதனை இன்னும் அழகானது. ஆய்வகத்திலேயே பிறந்து வளர்ந்த ரீசஸ் குரங்குகளுக்குப் பாம்பைக் கண்டால் பயமில்லை. மைக்கேல் குக்கும் சூசன் மினேகாவும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், வேறொரு குரங்கு பயந்து அலறும் காட்சியை இவற்றுக்கு வீடியோவில் காட்டினார்கள். ஒட்டுவேலை செய்து, ஒரு வீடியோவில் அந்தக் குரங்கு பொம்மைப் பாம்பைக் கண்டு பயப்படுவதுபோலவும், இன்னொன்றில் பூவைக் கண்டு பயப்படுவதுபோலவும் அமைத்தார்கள். பாம்பு வீடியோவைப் பார்த்த குரங்குகள் பாம்புக்குப் பயப்படக் கற்றுக்கொண்டன. பூ வீடியோவைப் பார்த்தவை பூவுக்குப் பயப்படவில்லை.

பாம்புப் பயம் பிறவியிலேயே வந்ததா? இல்லை, பார்த்துக் கற்றதுதான். அப்படியானால் வெறும் கற்றலா? அதுவும் இல்லை, பூவைக் காட்டிக் கற்பிக்க முடியவில்லையே. எதை எளிதில் கற்கலாம் என்பது மரபில் வருகிறது. அதைக் கற்கிறோமா என்பதை அனுபவம் முடிவு செய்கிறது.

உளப்பகுப்பாய்வும் பிணைப்பும்

சிக்மண்ட் ஃபிராய்டைச் சிலர் வளர்ப்புப் பக்கமும் சிலர் இயல்புப் பக்கமும் வைக்கிறார்கள். உள்ளுந்துதல்கள் பிறவியில் வருபவை என்றார். அவை எந்த வடிவம் எடுக்கும் என்பதைக் குழந்தைப் பருவ அனுபவமும் பெற்றோருடனான உறவும் முடிவு செய்யும் என்றார். சிகிச்சை அறையில் இரண்டாம் பாதிக்கே எடை அதிகமாயிற்று.

அதன் விலையைத் தாய்மார்கள் கொடுத்தார்கள். 1940களின் இறுதியிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல், மனச்சிதைவுக்கும் ஆட்டிசத்துக்கும் தாயின் அன்பின்மையே காரணம் என்ற கருத்து மருத்துவர்களிடையே செல்வாக்காக இருந்தது. ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்த குடும்பங்களின் தலையில் பழியும் ஏறியது. இரட்டையர் ஆய்வுகளும் தத்து ஆய்வுகளும்தான் அந்தப் பழியை இறக்கிவைத்தன. மரபை வலியுறுத்தினால் கொடுமை, வளர்ப்பை வலியுறுத்தினால் கருணை என்று பொதுவாக நினைப்பவர்கள் இந்த வரலாற்றைக் கட்டாயம் அறிய வேண்டும்.

இதே உளப்பகுப்பாய்வுப் பள்ளியிலிருந்து வந்த ஜான் பௌல்பி, குழந்தை தன்னைக் காப்பவரைப் பற்றிக்கொள்ளும் நாட்டம் இனம் முழுமைக்கும் பிறவியில் வருவது, அது பாதுகாப்பான பிணைப்பாக அமைவது கவனிப்பைப் பொறுத்தது என்றார். ஹாரி ஹார்லோவின் குரங்குச் சோதனைகள் (1958) இதற்குத் துணை நின்றன. பால் புட்டி கம்பியாலான ‘தாயிடம்’ இருந்தபோதும் குட்டிகள் பெரும்பொழுதைத் துணி சுற்றிய ‘தாயைக்’ கட்டிக்கொண்டே கழித்தன. பால் கொடுப்பதால்தான் தாய்மேல் பாசம் என்ற நடத்தையியல் விளக்கம் அதோடு நொறுங்கியது.

அறிதிறன் நோக்கும் மொழியும்

ழான் பியாஜே, குழந்தை தன் அறிவைத் தானே கட்டுகிறது என்றார்: முதிர்ச்சி ஒரு பக்கம், உலகத்தோடு மோதிப் பார்ப்பது மறுபக்கம். நோம் சோம்ஸ்கி 1959இல் ஸ்கின்னரின் மொழிக் கொள்கையைக் கடுமையாக விமர்சித்து, கேட்டதைத் திருப்பிச் சொல்லியும் பாராட்டு வாங்கியும் மட்டும் மொழி வராது, மொழிக்கான அமைப்பு மூளையில் பிறவியிலேயே இருக்க வேண்டும் என்று வாதிட்டார். அந்த அமைப்பு மொழிக்கென்றே தனியானதா, பொதுவான கற்றல் திறனா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

தீர்ந்துபோன ஒன்று உண்டு. அதைத் தமிழில் படிப்பவர் தன் நாக்கிலேயே உணரலாம். ‘த’ போன்ற பல்லொலிக்கும் ‘ட’ போன்ற நாமடி ஒலிக்கும் உள்ள வேறுபாடு ஆங்கிலத்தில் பொருளை மாற்றாது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் இந்தி மொழியின் இந்த ஒலி ஜோடியைக் கொண்டு ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளைச் சோதித்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் வேறுபாட்டைக் கண்டுகொண்டனர். 10 முதல் 12 மாதத்தில் அது பெரும்பாலும் மறைந்திருந்தது. இந்தி கேட்டு வளரும் குழந்தைகளிடம் மறையவில்லை. உலகின் எந்த ஒலியையும் பிரித்தறியும் திறனோடு குழந்தை வருகிறது, சுற்றிலும் கேட்பது அந்தத் திறனைச் செதுக்குகிறது. கற்றல் என்பது சேர்ப்பது மட்டுமல்ல, கழிப்பதும்தான்.

மற்றவை சுருக்கமாக

மனிதநேய உளவியலில் கார்ல் ரோஜர்ஸும் ஆபிரகாம் மாஸ்லோவும், வளர்ந்து நிறைவடையும் நாட்டம் எல்லோருக்கும் இயல்பாக உண்டு, சூழல் அதை வளர்க்கவோ முடக்கவோ செய்யும் என்றனர். அளந்து சோதிப்பது கடினம் என்பதால் இந்த விவாதத்தில் அதன் பங்கு சிறியது.

லெவ் வைகாட்ஸ்கியைத் தொடரும் சமூகப் பண்பாட்டு நோக்கு, எண்ணும் எழுத்தும் போன்ற கருவிகள் சமூகத்தில் பிறந்து பிறகே ஒருவர் மனதுக்குள் செல்கின்றன என்கிறது. வாசிப்புக்கென்று பரிணாமத்தில் உருவான மூளைப் பகுதி இல்லை. எழுத்து வந்து சில ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன.

பரிணாம உளவியல் முதல் கேள்வியோடு நிற்கிறது: மனித இனம் முழுமைக்கும் பொதுவான பயம், பொறாமை, உறவுப்பற்று ஏன் வந்தன? ‘பரிணாமத்தில் வந்தது’ என்பதை ‘மாற்ற முடியாது’ என்றோ ‘நியாயம்’ என்றோ படிப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

அந்தச் சதவீதம் எங்கிருந்து வருகிறது?

செய்தியில் வரும் எண் நடத்தை மரபியலின் கொடை. அது இரண்டாம் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கிறது. ஒரு மக்கள் தொகையில் ஒரு பண்பில் காணும் வேறுபாடுகளில் எவ்வளவு, மரபணு வேறுபாடுகளோடு சேர்ந்து வருகிறது என்பதே அது. ‘ஹெரிட்டபிலிட்டி’ என்று வழங்கும் இதை இங்கே மரபுப் பங்கு என்போம்.

கணக்கு எளிது. ஒரே கருமுட்டை பிரிந்து பிறந்த ஒருகரு இரட்டையர் ஏறத்தாழ எல்லா மரபணு வரிசையையும் பகிர்கிறார்கள். இருகரு இரட்டையர், ஆளுக்கு ஆள் மாறும் மரபணுக்களில் சராசரியாகப் பாதியைப் பகிர்கிறார்கள். இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே வயதில் வளர்கிறார்கள். ஒரு தேர்வில் ஒருகரு இரட்டையரின் மதிப்பெண்களுக்கிடையே ஒட்டுறவு (எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு; 1 என்றால் முழு ஒற்றுமை) 0.75, இருகரு இரட்டையரிடையே 0.45 என்று வைத்துக்கொள்வோம் (கணக்கு விளங்குவதற்காக எடுத்த எண்கள்).

1. மரபுப் பங்கு: இரண்டின் வித்தியாசத்தை இரட்டிக்க வேண்டும். 0.75 − 0.45 = 0.30, இரட்டித்தால் 0.60, அதாவது 60%.
2. பகிர்ந்த சூழல் (இரட்டையரை ஒரேபோல் ஆக்கும் வீடு, வருமானம் போன்றவை): 0.75 − 0.60 = 0.15, அதாவது 15%.
3. தனிச் சூழல் (இருவரையும் வேறுபடுத்துவது): 1 − 0.75 = 0.25, அதாவது 25%. அளவீட்டுப் பிழையும் இதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

இந்தக் கணக்கு தடம் புரளக்கூடிய இடங்களும் தெரிந்தவையே. ஒருகரு இரட்டையரைப் பிறர் கூடுதலாக ஒரேபோல் நடத்தி, அந்த நடத்தும் விதம் பண்பையும் பாதித்தால் மரபுப் பங்கு உயர்த்திக் காட்டப்படும். தம்மைப் போன்றவரையே மக்கள் மணந்தால் உடன்பிறந்தாரின் மரபு ஒற்றுமை பாதியைத் தாண்டும். அப்போது எண் குறைத்துக் காட்டப்படும். மரபும் சூழலும் பின்னிச் செயல்படும் பங்கைத் தனியே பிரிக்க இந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை. அது மரபுப் பெட்டியிலோ தனிச் சூழல் பெட்டியிலோ போய் விழுந்துவிடும்.

குறைகள் இருந்தும் பொது முடிவு அசையவில்லை. ஐம்பது ஆண்டு இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வு, 17,804 பண்புகளையும் 1.4 கோடிக்கு மேற்பட்ட இரட்டையர் ஜோடிகளின் தரவையும் எடுத்துக்கொண்டது. சராசரி மரபுப் பங்கு 49% என்று வந்தது. செய்திகளில் அலையும் ‘பாதி’ பெரும்பாலும் இங்கிருந்து வருவது.

அந்த எண் சொல்லாதவை

முதலாவதும் முக்கியமானதும்: அது தனிமனிதரைப் பற்றியதே அல்ல. மரபுப் பங்கு 50% என்றால் ஒரு சிறுமியின் அறிவில் பாதி மரபணுவிலிருந்தும் பாதி பள்ளியிலிருந்தும் வந்தது என்று பொருளில்லை. ஒரு செவ்வகத்தின் பரப்புக்கு நீளம் அதிகம் காரணமா, அகலம் அதிகம் காரணமா என்று கேட்பது அர்த்தமற்றது என்றார் உளவியலாளர் டொனால்ட் ஹெப். ஆனால் பல செவ்வகங்களை அடுக்கிவைத்தால் அவற்றின் பரப்பு வேறுபடுவதற்கு நீள வேறுபாடு எவ்வளவு காரணம் என்று கேட்கலாம். எல்லாம் ஒரே அகலம் என்றால் பதில் 100%. அதனால் அகலம் தேவையில்லை என்று ஆகிவிடுமா?

இரண்டாவது: மரபுப் பங்கு உயர்வு என்பதால் மாற்றம் இயலாது என்று ஆகாது. வசதியான நாடுகளில் உயரத்தின் மரபுப் பங்கு ஏறத்தாழ 80%. இருந்தும், 1896இல் பிறந்த தென்கொரியப் பெண்களைவிட 1996இல் பிறந்தவர்கள் சராசரியாக 20 செ.மீ. உயரம் கூடியவர்கள். நூறாண்டில் மரபணு அவ்வளவு மாறாது. உணவும் நோய்த் தடுப்பும் மாறின, எல்லோரும் சேர்ந்து உயர்ந்தார்கள். ஆனால் வரிசையில் யார் முன்னே, யார் பின்னே என்பதில் மரபு தொடர்ந்து பேசியது.

மூன்றாவது: ஒரு குழுவுக்குள் கிடைத்த எண்ணை இரு குழுக்களுக்கு இடையிலான வேறுபாட்டுக்குப் பொருத்தக் கூடாது. ஒரே மூட்டை விதையில் ஒரு கைப்பிடியை வளமான மண்ணிலும் இன்னொன்றைச் சத்தற்ற மண்ணிலும் விதைத்தால், ஒவ்வொரு பாத்திக்குள்ளும் செடிக்குச் செடி உயர வேறுபாடு மரபால் வரலாம்; இரு பாத்திகளுக்கு இடையிலான வேறுபாடு முழுக்க மண்ணால் வந்தது. மரபியலாளர் ரிச்சர்ட் லூவான்டின் சொன்ன இந்த உவமையை, இனம், சாதி, நாடு பற்றி மரபு எண்களை வீசுபவர்களுக்கு ஒவ்வொரு முறையும் நினைவூட்ட வேண்டும்.

நான்காவது: அது நிலையான எண்ணும் அல்ல. நுண்ணறிவின் மரபுப் பங்கு 9 வயதில் 41%, 12இல் 55%, 17இல் 66% என்று உயர்வதாக 2010இல் வெளியான பெரிய இரட்டையர் தொகுப்பு காட்டியது. வளர வளரப் பிள்ளை தனக்கு ஏற்ற நண்பர்களையும் புத்தகங்களையும் வேலையையும் தானே தேடிக்கொள்வது இதற்கு ஒரு விளக்கம். மரபு இங்கே சூழலை விலக்கவில்லை. சூழலைத் தேர்ந்தெடுப்பதன் மூலமே வேலை செய்கிறது.

ஒரு நோயை நெருங்கிப் பார்த்தால்

மூன்றாம் கேள்வியை இவ்வளவு தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டு வேறில்லை. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற நோயில், ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும் நொதிக்கான மரபணு இரு நகல்களிலும் பழுதாக இருக்கும். 1934இல் நார்வே மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் இதைக் கண்டறிந்தார். சாதாரணப் புரத உணவே குழந்தைக்கு நஞ்சாகிறது. ஃபீனைல்அலனின் இரத்தத்தில் தேங்கி மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது; கடுமையான அறிவுக்குறைபாடும் வலிப்பும் வரும்.

மரபணு நோய்தான், ஐயமில்லை. மருந்தோ உணவு. 1950களின் தொடக்கத்தில் ஃபீனைல்அலனின் குறைந்த உணவு முறை வந்தது. 1960களில் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தத்தை வடிதாளில் உலர்த்திச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். பிறந்த முதல் இரு வாரத்துக்குள் உணவைக் கட்டுப்படுத்தத் தொடங்கினால் குழந்தை இயல்பான அறிவுத்திறனோடு வளரும். அந்த அமினோ அமிலத்தை முற்றிலும் நிறுத்தினாலும் ஆபத்து. உடல் வளர அது கொஞ்சம் தேவை. எனவே இரத்தத்தில் அளவை அடிக்கடி பார்த்துப் பார்த்து உணவை அளந்து கொடுக்க வேண்டும். கட்டுப்பாட்டை வாழ்நாள் முழுதும் தொடருமாறு இன்று சொல்கிறார்கள்.

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. இந்த நோயுள்ள பெண் கருவுற்றிருக்கும்போது உணவுக் கட்டுப்பாட்டை விட்டால், கருவுக்கு அந்த நோய் இல்லாதபோதும் அதன் மூளையும் இதயமும் பாதிக்கப்படலாம். தாயின் மரபணு, பிள்ளைக்குச் சூழலாக வருகிறது. இதை எந்தப் பெட்டியில் போடுவது?

அப்படியானால் பெற்றோர் பொருட்டில்லையா?

தத்து ஆய்வுகளில், ஒரே வீட்டில் வளர்ந்த, இரத்த உறவில்லாத பிள்ளைகளின் நுண்ணறிவு மதிப்பெண்களில் சிறுவயதில் ஓரளவு ஒற்றுமை தெரியும். வளர்ந்தபின் அது பூஜ்யத்தை ஒட்டிக் குறைந்துவிடும். ஆளுமைப் பண்புகளிலும் பகிர்ந்த சூழலின் பங்கு சிறியதே. வளர்ப்பு வீண் என்று சிலர் இதற்குப் பொருள் கொண்டார்கள். அது தவறு. பகிர்ந்த சூழல் என்ற எண், ஆய்வில் கலந்துகொண்ட வீடுகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டுமே பேசும். தத்தெடுக்கும் வீடுகள் பெரும்பாலும் தேர்ந்தெடுத்துச் சரிபார்க்கப்பட்டவை. எல்லாம் நல்ல வீடுகள் என்றால் வீட்டுக்கு வீடு வேறுபாடு குறையத்தான் செய்யும்.

சராசரி எங்கே நகர்கிறது என்று பார்த்தால் காட்சியே வேறு. ஸ்வீடனில் 436 ஜோடி சகோதரர்களைப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் பெற்றவரிடமும் மற்றவர் தத்துக் குடும்பத்திலும் வளர்ந்தவர்கள். இராணுவச் சேர்க்கைத் தேர்வில் தத்துப் போனவர்கள் சராசரியாக 4.4 நுண்ணறிவுப் புள்ளி கூடுதலாக எடுத்தார்கள்.

வீடே இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதை ருமேனியா காட்டியது. புகாரெஸ்ட் நகரக் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். நான்கரை வயதில் சராசரி நுண்ணறிவு ஈவு (IQ): காப்பகத்திலேயே இருக்க ஒதுக்கப்பட்ட பிரிவில் 73, வளர்ப்புக் குடும்பப் பிரிவில் 81, பெற்றவரோடு வளர்ந்த மற்றக் குழந்தைகளிடம் 109. இரண்டு வயதுக்கு முன் குடும்பம் கிடைத்தவர்களுக்கே பலன் அதிகம். ஒவ்வொரு தாமதமும் ஒரு குழந்தையின் இழப்பு என்ற உணர்வோடு படிக்க வேண்டிய எண்கள் இவை.

“அந்தக் குணத்துக்கான மரபணு” என்ற செய்தி

2003இல் நியூசிலாந்தின் டனீடின் நகர ஆய்வு ஒன்று, செரோடோனின் கடத்தி மரபணுவின் ஒரு வடிவம் உள்ளவர்களுக்கு வாழ்வில் அடி விழும்போது மனச்சோர்வு கூடுதலாக வருகிறது என்றது. மரபும் சூழலும் கைகோப்பதன் அழகான சான்றாகப் பாடநூல்களில் ஏறியது. பிறகு திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அது நிலையாகக் கிடைக்கவில்லை. 2019இல் பல லட்சம் பேரின் தரவைக் கொண்டு, மனச்சோர்வோடு அதிகம் பேசப்பட்ட 18 மரபணுக்களைச் சோதித்தபோது, கண்ணை மூடிக்கொண்டு எடுத்த பிற மரபணுக்களைவிட அவை மேலாக இல்லை. சில நூறு பேரிடம் செய்த ஆய்வில் சிறிய விளைவைத் தேடினால் தற்செயலே சான்றுபோல் வேடமிடும், பிழை அதுதான்.

இன்று தெரிவது இது: நடத்தை சார்ந்த பண்புகளில் ஆயிரக்கணக்கான மரபணு மாற்றங்கள், ஒவ்வொன்றும் மிகச் சிறிதாகப் பங்களிக்கின்றன. 30 லட்சம் பேரிடம் செய்த 2022 ஆய்வில், எத்தனை ஆண்டு படித்தார்கள் என்பதோடு தொடர்புள்ள 3,952 இடங்கள் மரபணுத் தொகுதியில் கிடைத்தன. மரபணுத் தொகுதி முழுவதையும் கொண்டு கணக்கிட்ட மதிப்பெண்கூட வேறுபாட்டில் 12 முதல் 16% வரைதான் விளக்கியது. அதிலும் ஒரு பகுதி வளர்ப்பே: பெற்றோரிடம் இருந்து பிள்ளைக்கு வராத மரபணுக்களும் பிள்ளையின் படிப்போடு தொடர்பு காட்டுவதாக 2018இல் ஐஸ்லாந்து ஆய்வு கண்டது, வந்து சேர்ந்தவற்றின் விளைவில் ஏறத்தாழ 30% அளவுக்கு. வராத மரபணு, பெரும்பாலும் பெற்றோர் அமைத்த வீட்டின் வழியாகத்தான் வேலை செய்திருக்க வேண்டும்.

எபிஜெனெடிக்ஸ், அதாவது மரபணு வரிசை மாறாமல் அதன் செயல்பாடு மாறுவது, பற்றியும் ஒரு சொல். மொன்ட்ரியால் ஆய்வாளர்கள் 2004இல், தாய் எலி நன்றாக நக்கிச் சீராட்டிய குட்டிகளில், மனஅழுத்த ஹார்மோனைக் கட்டுப்படுத்தும் மரபணுவின் மீதான மெத்தில் குறிகள் (மரபணுவின் வேலையைக் கூட்டிக் குறைக்கும் வேதிக் குறிகள்) வேறுபடுவதைக் காட்டினார்கள். குட்டிகளைத் தாய் மாற்றி வளர்த்தபோது குறிகள் வளர்த்த தாயைப் பின்பற்றின, பெற்ற தாயை அல்ல. அனுபவம் மரபணுவின் எழுத்தை மாற்றாமல் அதன் குரலை ஏற்றி இறக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. பாட்டனின் துயரம் பேரனின் மரபணுவில் பதிந்திருக்கிறது என்ற வகைச் செய்திகளுக்கு மனிதரிடம் இவ்வளவு உறுதியான சான்று இல்லை.

அடுத்த செய்தியைப் படிக்கும்போது

1. மூன்றில் எந்தக் கேள்விக்குப் பதில்? உருவாவதா, வேறுபடுவதா, மாற்றுவதா?
2. எண் எந்த மக்களிடம், எந்த வயதில் எடுத்தது? வசதியான நாட்டு எண்ணைப் பஞ்சத்தில் வாழ்வோருக்குப் பொருத்த முடியாது.
3. பெற்றோர் செயலையும் பிள்ளையின் பண்பையும் இணைக்கும் ஆய்வா? அப்படியென்றால் இருவருக்கும் பொதுவான மரபைக் கழித்தார்களா? வீட்டில் நிறையப் புத்தகம் இருந்ததால் பிள்ளை நன்றாகப் படித்ததா, வாசிப்பு நாட்டத்தைப் புத்தகத்தோடு சேர்த்துப் பெற்றோர் மரபிலும் கொடுத்தார்களா என்பதைத் தத்து அல்லது இரட்டையர் ஆய்வு இன்றிச் சொல்ல முடியாது.
4. நோய் பற்றியதா? மனச்சிதைவின் மரபுப் பங்கு 79% என்று டென்மார்க்கின் 2018 ஆய்வு சொன்னது. அதே ஆய்வில், ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு அது இருந்தால் மற்றவருக்கும் வந்தது சுமார் 33% பேருக்கே. முதல் எண்ணை மட்டும் கேட்டு வரும் குடும்பத்திடம் இரண்டாம் எண்ணையும் சொல்வது மருத்துவரின் கடமை.
5. பிள்ளையின் திறமையை உமிழ்நீரில் கண்டறிவதாக விளம்பரமா? படிப்புக்கான மரபணு மதிப்பெண், ஒரே வீட்டு உடன்பிறந்தாரை ஒப்பிடும்போது தன் கணிப்பு வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. லட்சம் பேரின் சராசரியை ஆராய அது உதவும். ஒரு குழந்தைக்குக் கணக்கு வருமா என்று அறிய, அதன் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து, அது கணக்குப் போடுவதைப் பார்ப்பது அதைவிட அதிகம் சொல்லும்.